ஸ்டென்ட் வச்சாச்சு, பைசோப்ரோலால நிறுத்திடலாமா?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 57 வயசு. போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. தினமும் பைசோப்ரோலால் 2.5 மில்லிகிராம் போடறாரு. ஒரே அசதிங்கறாரு, பல்ஸ் 54 காட்டுது, சுகரும் இருக்கு. இந்த மருந்தே தேவையில்லன்னு புது ஆராய்ச்சி வந்திருக்காமே, நிறுத்திடலாமா? (யீஷூன் வாசகி)

பதில்: நீங்களா நிறுத்திடாதீங்கம்மா, முதல்ல அத சொல்லிடறேன். இது பீட்டா பிளாக்கர் மருந்து, அட்ரினலின் இதயத்த விரட்டாம தடுக்கும், துடிப்பும் பிரஷரும் குறையும், இதயத்துக்கு ஆக்சிஜன் தேவையும் குறையும், அதோட இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் ரெண்டு துடிப்புக்கு நடுவுல அது தளர்ந்து இருக்கறப்பதான் போகுது, துடிப்பு மெதுவானா அந்த நேரம் கூடும், அதனாலதான் நெஞ்சு வலி அடங்குது. திடீர்னு விட்டா அடக்கி வச்சதெல்லாம் ஒரேயடியா திரும்பும், வலி வரலாம், அட்டாக்கே வரலாம். நிறுத்தணும்னா டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

ஆராய்ச்சி விஷயம் நிஜம்தான். 2024ல சுவீடன்ல பெரும்பாலும் நடந்த ஆய்வுல, அட்டாக்குக்குப் பிறகும் இதயம் பம்ப் பண்ற அளவு 50 சதவீதமோ மேலயோ இருந்தவங்களுக்கு இதனால பெரிய பலன் தெரியல. ஆனா அதே வருஷம் பிரான்ஸ்ல, ரொம்ப நாளா போட்டவங்க நிறுத்தினப்ப இதயப் பிரச்சனைக்காக ஆஸ்பத்திரில சேர்றது கூடுச்சு. பம்ப் பண்ற அளவு 40 சதவீதத்துக்குக் கீழ இருந்தா இந்த மருந்து உயிரக் காப்பாத்தும், அதுல சந்தேகமே இல்ல. அதனால அவரோட எக்கோ ஸ்கேன்ல எவ்வளவு இருக்குன்னு கேளுங்க, பதில் அந்த நம்பர்லதான் இருக்கு.

பல்ஸ் 54ங்கறது இந்த மருந்துல எதிர்பார்க்கறதுதான், பயப்படாதீங்க. 50க்குக் கீழ போனா, தலை சுத்துனா உடனே டாக்டர்கிட்ட பேசுங்க, மயக்கம் போட்டு விழுந்தா 995க்கு அடிச்சு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. சுகருக்கு இன்சுலினோ கிளிபிசைடோ எடுக்கறாரா? அப்ப லோ சுகர்ல வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைச்சிடும், வேர்வை மட்டும் வரும், திடீர்னு வேர்த்தா சுகர் பாத்துடுங்க.

அசதியையும் பொறுத்துக்கிட்டே இருக்க வேணாம், டோஸ குறைக்கலாம், மருந்த மாத்தலாம். ஆஸ்துமா இருந்தா அதையும் கட்டாயம் சொல்லுங்க. ஒரு வாரம் காலைல பிரஷரும் பல்ஸும் எழுதி வச்சு பாலிகிளினிக்குக்கு எடுத்துட்டுப் போங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் தூரமா இருந்தா போன் பண்ணி முன்னாடியே வாங்கிடுங்க.