மகிழ்ச்சிக்கு ஒரு பொடியா?

கேள்வி: டோபமைன்தான் மகிழ்ச்சி தரும் ரசாயனம், பூனைக்காலி விதைப் பொடி சாப்பிட்டால் அது மூளையில் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, வேலை கிடைக்காமல் சோர்ந்து போயிருக்கும் என் மகன் தினமும் பாலில் கலந்து குடிக்கிறான். இயற்கைப் பொருள்தானே, கெடுதல் இல்லையே? – வாசகி, ஈரோடு

பதில்: முதலில் பொடியை நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தை அப்புறம் பேசலாம்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. கை கால் நடுங்கி, அசைவு குறைந்துபோகும் பார்க்கின்சன் நோய்க்குத் தரும் மாத்திரையில் இருப்பதும் அதுதான். அது மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் என்பதும் சரி. ஆனால் டோபமைன் கூடினால் மகிழ்ச்சி கூடும் என்பது சுத்தப் பொய்.

இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தில் நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு. ஒரு செல் தன் நுனியில் இருக்கும் நுண்பைகளிலிருந்து டோபமைனை அங்கே கொட்டும். எதிர்ப்பக்க செல்லின் ரிசப்டர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து என்ன நடக்கும் என்பதை முடிவு செய்வது டோபமைன் இல்லை, ரிசப்டர்தான். அதில் ஐந்து வகை இருக்கின்றன. சில செல்லைத் தூண்டும், சில அடக்கும். மணிச்சத்தம் ஒன்றுதான், பள்ளியில் கேட்டால் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுகிறார்கள், கோயிலில் கேட்டால் கை கூப்புகிறோம்.

வாந்திக்கு டாக்டர் டோம்பெரிடோன் எழுதித் தருகிறாரே, அது என்ன செய்கிறது தெரியுமா? மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் பகுதியிலுள்ள டோபமைன் ரிசப்டர்களை அடைக்கிறது. அதாவது, அந்த இடத்தில் டோபமைன் தருவது குமட்டல். பிட்யூட்டரி சுரப்பியில் அதே டோபமைன் தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோனைக் கட்டுப்படுத்துகிறது. மூளையின் அடிப்பகுதியில் கை கால் அசைவுக்கு உதவுகிறது. இதில் எதை மகிழ்ச்சி என்று சொல்வது?

இயற்கை என்ற வாதத்துக்கு வருகிறேன். சர்ப்பகந்தா என்ற மூலிகைச் செடியும் இயற்கைதான். 1950களில் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி, சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரிசர்பைன் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். நரம்பு நுண்பைகளில் சேமித்திருந்த டோபமைன் காலியாகி, முயல்கள் அசையாமல் துவண்டு கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. பார்க்கின்சன் நோயாளிகள் பலர் இன்று எழுந்து நடப்பதற்கு அந்த ஆராய்ச்சிதான் வழி திறந்தது. 2000இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு செடி படுக்க வைத்தது, இன்னொரு செடியில் இருக்கும் பொருள் எழுப்பிவிட்டது. இரண்டுமே மருந்து, மருந்து என்றால் அளவு வேண்டும், ஆள் பார்த்துத் தர வேண்டும்.

பார்க்கின்சன் மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபாவையும் சேர்ப்பார்கள். மூளைக்குப் போகும் முன்பே, வழியில் அது டோபமைனாக மாறிக் குமட்டலையும் ரத்த அழுத்தச் சரிவையும் உண்டாக்காமல் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. பொடியில் அந்தக் காவல் கிடையாது. ஒரு ஸ்பூனில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. விதைக்கு விதை மாறும். டோபமைன் அளவுக்கு மீறினால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். டோபமைனுக்கான பார்க்கின்சன் மருந்துகளை எடுப்பவர்களில் சிலர் சூதாட்டத்தை விட முடியாமல் சிக்கியதும் மருத்துவர்கள் அறிந்ததே. நோயாளிகளுக்கே இப்படி என்றால், நோயில்லாத இளைஞனுக்கு எதற்கு இந்த வம்பு?

உங்கள் மகனுக்குக் குறைந்திருப்பது டோபமைன்தான் என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? வீடியோவில் பேசியவருக்கு உங்கள் மகனைத் தெரியாது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வாழப் பிடிக்கவில்லை என்று எப்போதாவது சொன்னானா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றைக்கே போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. இவ்வளவு நாள் இந்தப் பொடியைக் குடித்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.