வீட்டில் தச்சுப் பட்டறை: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: 10க்கு 15 அடி கார் ஷெட்டைப் பட்டறையாக்குகிறேன். 10 அங்குல டேபிள் சா வாங்கலாமா? – கோவை வாசகர்

பதில்: பிளைவுட் பலகையின் அளவு 8க்கு 4 அடி. மேசை நடுவே பிளேடு நிலையாகச் சுழலும் டேபிள் சாவில் அதை நீளவாக்கில் தள்ளி அறுக்க, பிளேடுக்கு முன்னால் 8 அடியும் பின்னால் 8 அடியுமாக, நீங்கள் நிற்கும் இடத்தைச் சேர்க்காமலே 16 அடி வேண்டும். கதவைத் திறந்துவைத்துச் சமாளிக்கலாம் என்றாலும், பலகையைத் தரையில் தெர்மாகோல் அட்டைமேல் கிடத்தி, நேரான அலுமினியப் பட்டையைக் கிளாம்பால் இறுக்கி, அதையொட்டிக் கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவை ஓட்டுவதே உங்கள் இடத்துக்குப் பொருந்தும். முதற்செலவு அசையாத வேலை மேசைக்காக இருக்கட்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு வரும் உயரம் இழைப்புளி தள்ள ஏற்றது. 16 ஆம்பியர் தனி லைனும் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடாமல் இயந்திரம் எதையும் ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் பொருத்தலாம் என்கிறார் கடைக்காரர். – சேலம் வாசகர்

பதில்: கூடாது. பல் மரத்தில் சிக்கிய நொடியில் இயந்திரம் கையை மீறி உங்கள் பக்கம் திரும்பும்.

கேள்வி: பட்டறை அலமாரிக்கு ஐ.எஸ். 710 தரமுள்ள, நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட் என்று விலை கொடுத்து வாங்கினேன். ஒரே மழையில் ஓரங்கள் உப்பி, அடுக்குகள் பிரிந்துவிட்டன. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். – நாகர்கோவில் வாசகி

பதில்: தவறு உங்களுடையது அன்று, அந்த வாசகத்துக்கு அஞ்சவும் வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள். முத்திரையுள்ள துண்டையும் உப்பிய ஓரத்தின் படங்களையும் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பில்லில் பொருளின் தரமும் தடிமனும் பெயரும் எழுதப்படும்வரை பணத்தை எடுக்காதீர்கள். நன்கு உலர்ந்த தேக்கு என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட மேசைப் பலகைகள் அடுத்த கோடையிலேயே விரல் நுழையுமளவு வெடித்தன. பில்லில் வெறுமனே ‘மரம்’ என்றிருந்ததால் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். வரி மிச்சமாகும் என்று பில்லே வேண்டாம் என்பவர்கள், ஏமாந்தபின் நீட்டக் கையில் ஒரு சீட்டும் இல்லாமல் நிற்கிறார்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மலிவாக வரவழைத்த பிளேனரை (மரம் இழைக்கும் இயந்திரம்) பிளக்கில் செருகியதும் புகைந்துவிட்டது. யாரிடம் கேட்பது? – திருச்சி வாசகர்

பதில்: யாரிடமும் கேட்க முடியாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அது இயந்திரத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். செருகும் முன் அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டும்.