தோட்டமா, காடா?

கேள்வி: திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் வழியில் எங்கள் குடியிருப்பு. பூங்காவுக்கென்று விட்ட ரிசர்வ் சைட் 20 சென்ட், செம்மண்ணும் சரளையுமாகச் சும்மா கிடக்கிறது. போர் தண்ணீர் வீடுகளுக்கே பற்றவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுத் தோட்டம் போட நினைக்கிறோம். கொரியன் புல், ஓரத்தில் கோனோகார்பஸ் மரம் என்று ஒருவர் வரைபடம் கொடுத்திருக்கிறார். என் மாமனார், "மேய்ச்சலுக்கு விடுகிற கொறங்காடு மாதிரி வையுங்கள்" என்கிறார். நடக்கிற காரியமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: நான் உங்கள் மாமனார் கட்சி, அம்மணி.

நம் பக்கம் கிணறு இருந்தால்தான் அது தோட்டம். மழையைப் பார்த்துக் கிடப்பது காடு. உங்கள் 20 சென்ட் காடுதான். அதைத் தோட்டமாக்கப் பார்த்தால் லாரித் தண்ணீருக்கே சந்தா வசூலிக்க வேண்டிவரும். எங்கள் குடியிருப்பில் கொரியன் புல் போட்டு இரண்டு கோடை பார்த்தோம். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். கோனோகார்பஸ் பேச்சையே எடுக்க வேண்டாம். 2025-இல் அரசே அதை நடக்கூடாது என்று சொல்லிவிட்டது.

காங்கேயம் மாடு வளர்ந்ததே கொறங்காட்டில்தான். சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், நடுவே அங்கங்கே வெள்வேல மரம். அவ்வளவுதான் அமைப்பு. மழை மறைவுப் பகுதி, ஆண்டுக்கு 60 செ.மீ. சொச்சம் மழை, அதற்குமேல் ஆடிக் காற்று. இந்த மூன்றையும் தாங்குவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

முதல் வேலை வேலி. சித்திரையில், கிளுவை இலையுதிர்ந்து நிற்கும்போது போத்து (நடுவதற்கான கிளை) வெட்டி, ஓரடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றுங்கள். கோடை மழைக்குத் துளிர்க்கும். முதல் வருடம் ஆடு வாய் வைக்காமல் காக்க வேண்டும். வேலி நிமிர்ந்த பிறகு பிரண்டை, கோவை, முசுமுசுக்கை எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றிவிடலாம். துவையலுக்கும் ரசத்துக்கும் வேலியிலேயே கிள்ளிக்கொள்ளலாம். இரும்புக் கேட்டு வேண்டாம், ஒரு படல் போதும். (கிளுவையில் முள் உண்டு. குழந்தைகள் விளையாடும் பக்கம் மட்டும் ஆவாரை வையுங்கள்.)

அடுத்து மழைநீர். 20 சென்டில் 60 செ.மீ. மழை என்றால் ஏறக்குறைய 4.8 லட்சம் லிட்டர். அதைச் சாலைக்கு ஓடவிட்டுவிட்டு லாரிக்குப் போன் போடுவானேன்? சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு இரண்டு வரப்பு எடுங்கள்.

கொழுக்கட்டைப்புல் விதையைப் போன வருடத்து விதையாகப் பார்த்து வாங்குங்கள். புதுசு சரியாக முளைக்காது. மேலாகத் தூவினால் போதும், ஆழப் புதைத்தால் வராது. கொரியன் புல் மாதிரி பாய் விரித்தாற்போல் இருக்காது, குத்துக் குத்தாகத்தான் நிற்கும். வெயிலில் காய்ந்து சருகாகும். "செத்துப்போச்சு" என்று யாராவது கொத்திப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். ஆனால் மேயவோ அறுக்கவோ வேண்டும், இல்லாவிட்டால் முற்றிப்போகும். பக்கத்தில் ஆடு வளர்ப்பவரிடம் சொல்லிவையுங்கள். அவருக்குப் புல், உங்களுக்குப் புழுக்கை.

மரம் அதிகம் வேண்டாம். வெள்வேல் இரண்டு, வேம்பு ஒன்று. காய்கறிப் பாத்தி கேட்பவர்களுக்கு வரப்போரம் தட்டைப்பயறும், புரட்டாசி மழைக்குக் கொள்ளும்.

அப்புறம், ரிசர்வ் சைட்டைச் சங்கத்துச் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளாட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கடப்பாரையைத் தொடுங்கள்.

ஒரு மூலையை மட்டும் எதுவும் செய்யாமல் விட்டால், பூளை தானாக வரும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் இப்போது சந்தையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். உங்கள் வீட்டுக்காரர்கள் படலைத் திறந்து பறித்துக்கொள்ளலாம். போத்து எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், மாமனாரைக் கேளுங்கள். இந்நேரம் வேலியையே பார்த்து வைத்திருப்பார்.