வாசகர் கேள்வி–பதில்: காலையில் மட்டும் கேட்கும் ‘டக்டக்’

கேள்வி (ஈரோடு வாசகர்): என் பெட்ரோல் கார் எட்டு வருடத்தில் 95,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டக்டக்’ என்று சத்தம். பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்கிறார். இன்னொருவர் இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: பிரிக்கிற பேச்சு இப்போது வேண்டாம். முதலில் ஆயிலைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயிலைக் கால் லிட்டர், கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கீழே சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைத்துவிடும், அதுவும் கெடுதல். கையேட்டில் 5டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மைக் குறி) என்றிருக்க, சத்தம் அமுங்கும் என்று சிலர் 20டபிள்யூ-50 ஊற்றிவிடுகிறார்கள். கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினில் மேலே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கு ஏறவே தாமதமாகும். காலைச் சத்தம் கூடத்தான் செய்யும்.

ஆயில் சரியாக இருந்தால், சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடி ‘கரகர’ என்று கேட்டு நின்றால் கிராங்கையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயினின் டென்ஷனரைச் சந்தேகிக்கலாம். பல இன்ஜின்களில் அது ஆயில் அழுத்தத்தால்தான் செயினை இறுக்கிப் பிடிக்கிறது; அழுத்தம் வரும்வரை செயின் ஆடும். இது தினமும் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதிவிடக்கூடும்.

உங்களுக்குச் சத்தம் பத்து நிமிடம் நீடிக்கிறது. அப்படியானால் சந்தேகம் இரண்டு: டேப்பெட் ஒன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) சேருமிடத்தை அடைக்கும் கேஸ்கெட் இன்னொன்று. கேஸ்கெட் கசிவு டேப்பெட் மாதிரியே ஒலிக்கும். இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு அடைபட்டு அடங்கிவிடும். மேனிஃபோல்ட் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் சேருமிடத்தில் கரித்தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் கேஸ்கெட்டும் போல்ட்டுகளும் மாற்றினால் போதும்.

தடம் இல்லையென்றால் டேப்பெட் இடைவெளியைக் கையேடு சொல்லும் நிலையில், பெரும்பாலும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் என்றால் இந்த அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சத்தமே வரக்கூடாது என்று அளவுக்கு மீறி இறுக்கவிடாதீர்கள். வால்வு சீட்டில் முழுதாக உட்காராவிட்டால் சூடு இறங்க வழியின்றி எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். லேசான ‘டிக்டிக்’ இருப்பதே மேல்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): ஏ.சி. போட்டதும் ‘கீச்’ என்கிறது. பெல்ட் மாற்றியும் போகவில்லை.

பதில்: இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சற்று எட்ட நின்று கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் அருகே போகக் கூடாது. சத்தம் சற்று நின்று திரும்பினால் பெல்ட் சுற்றும் புல்லிகள் (சக்கரங்கள்) நேர்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. வழுக்காமலிருக்க என்று பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே அடிக்காதீர்கள். தூசியை ஒட்டவைத்துப் புதுப் பெல்ட்டையும் கெடுக்கும்.

கேள்வி (நாமக்கல் வாசகர்): கொல்லிமலை ஏறும்போது மூன்றாவது கியரில் ‘கிணிங் கிணிங்’ என்கிறது. சமவெளியில் இல்லை.

பதில்: அது நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மிச்சமுள்ள பெட்ரோல்–காற்றுக் கலவை தானாக வெடிக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும் மலையில், குறைந்த சுற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வரத்தான் செய்யும். இரண்டாவது கியருக்கு இறங்கி நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் வைத்து ஏறுங்கள். அப்போதும் கேட்டால் கூலன்ட் அளவு, பிளக் ரகம், பிஸ்டன் மேல் படிந்த கரி, நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் என்ற வரிசையில் சோதியுங்கள்.

ஆனால் சூடான இன்ஜினில், சமவெளியிலும் அடிவயிற்றிலிருந்து ‘தட் தட்’ என்று கனமாகக் கேட்டால் அது வேறு விஷயம். இன்ஜினை அணைத்து ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து கேட்கச் சொல்லுங்கள், இப்படியே ஒவ்வொன்றாக. எதைக் கழற்றும்போது சத்தம் தணிகிறதோ, அந்தச் சிலிண்டரின் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதற்குமேல் ஓட்டாமல் வண்டியைக் கட்டி இழுத்தே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.