திருகோணமலையில் கேம்பர் வேனின் சுடுநீர் ஹீற்றரை எப்படிக் கழுவிப் பராமரிப்பது?

நிலாவெளியில் நிற்கும் உங்கள் கேம்பர் வேனில் சுடுநீர்க் குழாயைத் திறந்தால் வெள்ளைத் துகள் வருகிறது, கூழ்முட்டை நாற்றமும் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தண்ணீரால் வந்த வினை. புது ஹீற்றர் வாங்கச் சொல்பவர்களின் பேச்சை இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வேனோடு வந்த கையேட்டைப் புரட்டினால், பனிக்காலத்தில் தாங்கி உறைந்து வெடிக்காமல் காப்பது எப்படி என்று நீளமாக எழுதியிருப்பார்கள். அந்தப் பகுதியை அப்படியே தாண்டிவிடுங்கள். நமக்குத் தொல்லை கடற்கரையோரக் கிணறுகளின் சவர்த் தண்ணீர்தான். கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீரை மட்டும் நிரப்புகிறவர் ஆண்டுக்கு ஒரு தடவை கழுவினால் போதும். கிணற்றுநீர் என்றால் சுற்றுலாப் பருவம் தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் இறங்குமுன் உங்களுடையது எந்த வகை என்று பார்க்க வேண்டும். வேன்களில் பெரும்பாலும் இருப்பவை சபர்பன், அட்வுட் என்ற இரண்டு கம்பனிகளின் ஹீற்றர்கள். சபர்பன் வகையில் உள்ளே கண்ணாடிப்பூச்சுப் பூசிய இரும்புத் தாங்கி இருக்கும்; வடிகால் மூடியோடு சேர்ந்தே ஒரு நீண்ட உலோகக் கோல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தாங்கியை அரிக்க வேண்டிய தண்ணீர் முதலில் அந்தக் கோலை அரிக்கும். ஊருக்காக உயிர் விடும் காவல்காரன் மாதிரி. உப்பு கூடிய நீரில் அது இன்னும் வேகமாகக் கரையும். முக்கால் பங்கு கரைந்திருந்தால் புதுக்கோல் போட்டுவிடுங்கள். அட்வுட் வகையில் அலுமினியத் தாங்கி. கோல் கிடையாது, பிளாஸ்டிக் மூடி மட்டும்தான். அதில் இரும்புக் கோலையோ பித்தளை மூடியையோ திருகி ‘மேம்படுத்த’ வேண்டாம்.

காஸ், கரண்ட் இரண்டையும் நிறுத்தி, தண்ணீர்ப் பம்பையும் நிறுத்திவிட்டுத் தாங்கியை ஆறவிடுங்கள். மாலையில் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் தொடங்குவது நல்லது. பிறகு உள்ளே ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது மூடியைக் கழற்றினால் அது முகத்துக்கு நேரே பாயும். கொதிநீரும் பின்னாலேயே வரும். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் காட்டாதீர்கள். கோல் உள்ள மூடிக்கு 27 மில்லிமீற்றர் சொக்கெட் பொருந்தும். மூடி கழன்றதும் மேலே உள்ள பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கிவிட்டால் காற்று புகுந்து நீர் விரைவாக வடியும்.

வடிந்துவிட்டது என்று மூடியைப் போட்டுவிடாதீர்கள். வடிகால் துளை தாங்கியின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் துகள்களில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். குழாய் முனையில் மாட்டும் மெல்லிய, வளைந்த பீச்சுகுழலை உள்ளே விட்டு, எல்லாப் பக்கமும் சுழற்றி, வெளிவரும் நீர் தெளியும்வரை அடியுங்கள்.

பாறையாகப் படிந்த சுண்ணாம்புக்கு வினாகிரி. நம் கடைகளில் கிடைக்கும் தென்னங்கள் வினாகிரியைச் சமையலுக்கு விட்டுவிட்டு நிறமற்ற வெள்ளை வினாகிரியை வாங்குங்கள். 6 கலன், அதாவது ஏறத்தாழ 23 லீற்றர் தாங்கியில் பாதி வினாகிரி, பாதித் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்திருந்து வடித்து, பலமுறை அலசுங்கள்.

நாற்றத்துக்கு வருவோம். குளிர்நீர்க் குழாயிலும் நாறினால் கிணற்றைப் பாருங்கள். சுடுநீரில் மட்டும் என்றால் தாங்கிக்குள் பாக்டீரியா குடியேறியிருக்கிறது. நீரிலுள்ள சல்பேற்றை அது நாற்றவாயுவாக மாற்றுகிறது. மக்னீசியக் கோல் அதற்குத் துணைபோகும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கோலுக்கு மாறினால் பெரும்பாலும் தீரும். கிருமி நீக்கக் குளோரின் கரைசல் விடுவதென்றால், வினாகிரி முழுவதும் அலசிப் போன பிறகுதான். இரண்டும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

மூடியின் மரையில் நீர் கசியாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டெப்லோன் நாடாவைச் சுற்றி இறுக்கி, தாங்கியை நிரப்பி, சுடுநீர்க் குழாயில் காற்று விக்காமல் நீர் ஓடிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். வெறும் தாங்கியில் மின்சுருள் சிறிது நேரத்திலேயே எரிந்துபோகும். வேன் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அந்தச் சுருள் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே கொடுத்தால் தண்ணீர் இருந்தாலும் கருகும். இயற்கையாகவே சுடுநீர் ஊறும் கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு மட்டும்தான் இந்தக் கவலை எதுவும் இல்லை.

மாரி மாதங்களில் வேன் சும்மா நிற்கும் என்றால் தாங்கியை வடித்துக் காலியாகவே விடுங்கள். சுவிட்சின் மேல் ‘தண்ணீர் இல்லை’ என்று ஒரு காகிதம் ஒட்டிவையுங்கள். மீண்டும் எடுக்கும்போது காஸ் எரிகுழாயையும் பாருங்கள். குளவியும் சிலந்தியும் அதற்குள் கூடு கட்டியிருந்தால் சுடர் நீலமாக எரியாது, மஞ்சளாக அலையும்.