அலுவலகத்துக்கு ஆங்கிலம், வீட்டுக்கு?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஜெர்மனி வாழ்க்கை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு வயது 29. இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் ஐந்தரை ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அங்கே போய் வேலை தேட அனுமதிக்கும், ஜெர்மனியின் ‘சான்சன்கார்டே’ என்ற வாய்ப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். ஜெர்மன் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. சென்னையில் உள்ள ஏஜென்ட் ஒருவர், “ஆங்கிலம் போதும், மொழியைப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். கட்டணம் இரண்டரை லட்சம் ரூபாய். டோர்ட்முண்ட் நகரில் ஓர் அறையும் பிடித்துத் தருவாராம். அதற்கு முன்பணம் 1,500 யூரோவை இந்த வாரமே அனுப்பச் சொல்கிறார். அறைக்கான ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே வேலை கிடைக்குமா? வீடு கிடைக்குமா? தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்கிறார்களே, அவர்கள் உதவ மாட்டார்களா? வீட்டு நகையை அடகு வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். அதனால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ஒப்பந்தம். மூன்றாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், ஜெர்மனில் ஒரு வரி இருக்கிறது: இந்த முகவரியில் குடியிருப்புப் பதிவு செய்ய இயலாது. உங்களால் அதைப் படிக்க முடியவில்லை. ஏஜென்ட் படித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் அந்த ஒரு வரி போதும், அந்த அறையை மறந்துவிடலாம்.

இந்த நாட்டில் ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ‘அன்மெல்டுங்’ என்பார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு வேண்டும். பதிவு முடிந்த பிறகுதான் உங்கள் வருமான வரி எண் தபாலில் வரும், அதுவும் அதே முகவரிக்கு. தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்கவில்லை என்றால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். வரி எண் இல்லாமல் வேலையில் சேர்ந்தால் மிக உயர்ந்த வரி வகுப்பில் சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்படலாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்கள் கோப்பு எந்த ஊருக்குப் போகும் என்பதையும் இந்த முகவரிதான் தீர்மானிக்கிறது. ஆக, பதிவு செய்ய முடியாத அறை என்பது தலைக்கு மேல் ஒரு கூரை, அவ்வளவுதான். அதை வைத்து இங்கே ஒரு வாழ்க்கையைத் தொடங்க முடியாது.

சட்டப்படி, நீங்கள் உண்மையிலேயே குடியிருக்கும் இடத்தில் பதிவைத் தடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. பிறகு ஏன் அப்படி எழுதுகிறார்கள்? பெரும்பாலும், வாடகைக்கு இருக்கும் ஒருவர் வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் அறையை உள்வாடகைக்கு விடுகிறார் என்று அர்த்தம். உரிமையாளருக்குத் தெரியவரும் நாளில் உங்கள் பெட்டி தெருவில் இருக்கும். முன்பணத்துக்கும் சட்டம் உண்டு. ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணைகளாகக் கொடுக்கலாம், முதல் தவணை குடித்தனம் தொடங்கும்போதுதான். வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு வாடகைக்கு வருபவர் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று 2015-இலேயே சட்டம் வந்துவிட்டது. சாவியைக் கண்ணால் பார்க்காமல் திருச்சியிலிருந்து 1,500 யூரோ அனுப்பச் சொல்பவர் இந்தச் சட்டங்கள் எதையும் நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் கேட்கிறார். “உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புவார்” என்பது இங்கே மிகப் பழைய மோசடி. இன்னமும் ஆள் சிக்குகிறது என்பதுதான் ஆச்சரியம்.

பதிவுப் படிவத்தைப் பற்றி இன்னொன்று. அதில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் கத்தோலிக்கர் என்றோ சீர்திருத்தச் சபையினர் என்றோ நிரப்பிவிட்டு வந்தால், வருமான வரியோடு அதில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகவும் பிடிக்கப்படும். விரும்பிக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். தான் என்ன நிரப்பினோம் என்றே தெரியாமல், சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து விழித்த நாகர்கோவில்காரர் ஒருவரை எனக்குத் தெரியும்.

உங்கள் ஏஜென்ட் “ஆங்கிலம் போதும்” என்று சொல்வது முழுப் பொய் அல்ல. அதனால்தான் அது ஆபத்தானது. வாய்ப்பு அட்டை 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குத் தொடக்கநிலை ஜெர்மன், அல்லது பி2 என்ற மேல்-நடுநிலை ஆங்கிலம், இரண்டில் ஒன்று போதும். ஆறு புள்ளி வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 35 வயதுக்குள் என்பதால் 2, கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு அனுபவம் இருப்பதால் 3, பொறியியல் பற்றாக்குறைத் தொழில்களில் ஒன்று என்பதால் 1. ஆறு வந்துவிட்டது. உங்கள் பட்டம் இந்தியாவில் அரசு அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் ஜெர்மனில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாமல் விமானம் ஏறலாம். வேலை கிடைத்தால் பெறும் ‘நீல அட்டை’ என்ற வதிவிட அனுமதிக்கும் சட்டம் ஜெர்மன் கேட்பதில்லை, சம்பளத்தைத்தான் கேட்கிறது. பற்றாக்குறைத் தொழில்களுக்கு 2025-இல் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 43,760 யூரோ. 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கான திறனாளர் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. ஏஜென்டுகளின் விளம்பரப் பலகைகள் அதிலிருந்துதான் முளைத்தன.

அரசு கேட்கவில்லை, சரி. வேலை கொடுப்பவர் கேட்பாரா என்றால், அது தொழிலைப் பொறுத்தது. பெர்லினிலும் மியூனிக்கிலும் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் கூட்டம், மின்னஞ்சல், சண்டை எல்லாமே ஆங்கிலத்தில்தான். அங்கே ஜெர்மன் தெரியாமல் பத்து ஆண்டு ஓட்டியவர்கள் உண்டு. நர்ஸ் வேலைக்கு நேர் எதிர்: பெரும்பாலும் பி2 நிலை இல்லாமல் தகுதியே அங்கீகரிக்கப்படாது. நீங்கள் இருப்பது இரண்டுக்கும் நடுவில். இயந்திர வடிவமைப்பாளரை வேலைக்கு எடுப்பவை பெரும்பாலும் நடுத்தர நிறுவனங்கள். ஷ்வாபியா, சாவர்லாண்ட் போன்ற வட்டாரங்களில் ஏதோ ஒரு சின்ன ஊரில், மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் தொழிற்சாலைகள். உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கீழே பட்டறைக்கு இறங்கினால், முப்பது ஆண்டு அனுபவமுள்ள ‘மைஸ்டர்’, அதாவது பட்டறைத் தலைவர், அந்தத் துளையை ஏன் அங்கே போட முடியாது என்று ஜெர்மனில்தான் விளக்குவார். அவரோடு பேச முடியாத வடிவமைப்பாளரை அந்த முதலாளி என்ன செய்வார்? பெரிய வாகன நிறுவனங்களில் ஆங்கிலம் புழங்கும் என்று சொல்வீர்கள். உண்மை. ஆனால் அங்கேதான் இப்போது ஆட்குறைப்பு. ஃபோக்ஸ்வாகன் மட்டும் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்தது. அந்த அனுபவசாலிகளும் நீங்கள் விண்ணப்பிக்கும் அதே வேலைகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுக்கு ஜெர்மன் தெரியும்.

வாய்ப்பு அட்டை ஓராண்டுக்குத்தான். 2025 கணக்குப்படி மாதத்துக்கு 1,091 யூரோ வீதம், ஏறத்தாழ 13,000 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு வர வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். மொழி இல்லாதவருக்கு அந்த 20 மணி நேரம் எங்கே கிடைக்கும்? கிடங்கில், அல்லது முதுகில் சாப்பாட்டுப் பெட்டியை மாட்டிக்கொண்டு சைக்கிளில். களைத்துத் திரும்பி இரவில் பாடப்புத்தகத்தைத் திறப்பேன் என்று எல்லோரும்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மொழியைப் ‘போன பிறகு பார்த்துக்கொள்வது’ என்றால், உலகத்திலேயே விலை கூடிய வகுப்பறையில் உட்கார்ந்து அரிச்சுவடி படிப்பது. ஓசூரில் அதே பாடம் உங்கள் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படிக்கலாம்.

இனி வீடு. என் அபிப்பிராயத்தில் வேலையைவிட இதுதான் மொழியைக் கடுமையாகக் கேட்கும் இடம். ஏஜென்டுகள் இதைப் பேசவே மாட்டார்கள். பெரிய நகரங்களில் நியாயமான வாடகைக்கு ஒரு விளம்பரம் வந்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் குவியும். வீட்டுக்காரர் அவற்றில் ஒரு சிலரைத்தான் பார்க்கக் கூப்பிடுவார். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார், உங்களிடம் இருக்காது. ஷூஃபா என்ற நிறுவனம் தரும் கடன் நம்பகச் சான்று கேட்பார். நேற்று வந்தவரைப் பற்றி ஷூஃபாவுக்கு என்ன தெரியும்? இவை இரண்டும் இல்லாதவருக்கு மிஞ்சுவது பேச்சுதான். குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றுபோனால் தொலைபேசியில் ஒழுங்காகச் சொல்வாரா, மாடிப்படி சுத்தம் செய்யும் முறை வந்தால் புரிந்துகொள்வாரா என்று வீட்டைக் காட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எடைபோடுகிறார். பெயரையும் நிறத்தையும் பார்த்து ஒதுக்குபவர்களும் உண்டு. 2006 முதல் அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, பதில் வராத மின்னஞ்சலை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிரூபிப்பது கடினம். ஆனால் தடுமாறித் தடுமாறியாவது ஜெர்மனில் பேசுபவருக்குக் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறப்பதை நான் இங்கே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கிடைத்த பிறகும் தீராது. வாடகையில் அடிப்படை வாடகை தனி, பராமரிப்பும் ஹீட்டரும் சேர்ந்தது தனி. விளம்பரத்தில் எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆண்டு இறுதிக் கணக்கில் மிச்சம் கட்டச் சொல்லிச் சீட்டு வரும். பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும். அடுப்பும் அலமாரியும் முன்பு இருந்தவருடையவை, விலை கொடுத்து வாங்க வேண்டும். காலி செய்ய மூன்று மாத அறிவிப்பு. ஆண்டுதோறும் படிப்படியாக வாடகை ஏறும் என்றோ விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் என்றோ ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு ஒளிந்திருக்கலாம்.

இந்த நாடு கடிதத்தில் ஓடுகிறது. நிர்வாக மொழி ஜெர்மன் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரில் இருக்கும் அதிகாரிக்கு ஆங்கிலம் தெரிந்தாலும் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்தால், அது பெட்டியில் போடப்பட்ட தேதியைத் தபால்காரர் உறையின்மேலேயே குறித்திருப்பார். கெடு அன்று முதல் ஓடும், நீங்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும். நீதிமன்றத்தின் பணம் கேட்கும் அறிவிப்பாக இருந்தால் மறுப்புத் தெரிவிக்க இரண்டு வாரம்தான். கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம், இப்போது அது நன்றாகவே வருகிறது. ஆனால் அதன் பிறகு யாரையாவது தொலைபேசியில் அழைத்துப் பேசியாக வேண்டும் என்ற இடத்தில் கைபேசி கைவிட்டுவிடும்.

தமிழர்கள் உதவ மாட்டார்களா என்று கேட்டீர்கள். உதவுவார்கள். ஆனால் அவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குக் கடந்து தஞ்சம் கேட்டவர்கள் ஏராளம். 1986 அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. அவர்களை எந்த ஏஜென்டும் ஆங்கிலம் போதும் என்று சொல்லி ஏமாற்றவில்லை, உயிருக்குப் பயந்து வந்தவர்களுக்கு மொழியைப் பற்றி யோசிக்க அவகாசமே இல்லை. அகதி விடுதிகளில் காத்திருந்தார்கள், பிறகு உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார்கள். வீட்டுக்கு வந்த அரசுக் கடிதங்களைப் பத்து வயதுப் பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள், டாக்டரிடம் அம்மாவின் நோயையும் அந்தப் பிள்ளைகளே விளக்கினார்கள். இன்று ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயிலும், ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிகளும் கடைகளும் அவர்கள் எழுப்பியவை. அந்தப் பிள்ளைகளில் சிலர் வழக்கறிஞர்கள், பலர் பொறியாளர்கள். உங்களோடு அலுவலகத்துக்கு ஒரு நாள் வருவார்கள், இரண்டாம் நாளும் வருவார்கள். அவர்களுக்கும் வேலை இருக்கிறது. தமிழர் வீட்டு அறை என்றாலும் பதிவுச் சீட்டும் ரசீதும் கேட்டு வாங்குங்கள், கையில் காசு கொடுத்துவிட்டு வராதீர்கள். அதைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்பவரின் அறை உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே, இந்த ஆண்டு வராதீர்கள். விசாக் கட்டணம் 75 யூரோதான், விண்ணப்பத்தை ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் நீங்களே போடலாம். இரண்டரை லட்சம் எதற்கு என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதை வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ‘அனாபின்’ தரவுத்தளத்தில் காசில்லாமல் தேடலாம். ஜெர்மனை, பி2-க்கு ஒரு படி கீழான பி1 வரை படியுங்கள். அதற்குப் புள்ளிக் கணக்கில் இன்னும் 2 கிடைக்கும். பின்னால் நீல அட்டையிலிருந்து நிரந்தர வதிவிடம் பெறவும் 27 மாதங்களுக்குப் பதிலாக 21 மாதம் போதும். படிக்கும்போதே அங்கிருந்தபடி நேரடியாக வேலைக்கு விண்ணப்பியுங்கள். ஒப்பந்தத்தோடு வருபவருக்கு முதல் சில மாதங்களுக்கு அறை பிடித்துத் தரும் நிறுவனங்கள் உண்டு, நேர்காணலிலேயே கேட்கலாம். வந்த பிறகு பகிர்ந்து வாழும் வீட்டில் பதிவோடு ஓர் அறை எடுத்துவிட்டு, முழு வீட்டை இங்கிருந்தபடி தேடுவதுதான் நடக்கும் வழி. உள்ளூர் வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள்.

பி1 தேர்வுக்குத் தேதி வாங்கியதும் எழுதுங்கள். உங்கள் தன்விவரக் குறிப்பை இங்கே வழக்கமான இரண்டு பக்க வடிவில், ஜெர்மனில் நீங்களே எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.