சென்னையில் கணவன் மனைவி இருவரும் நுழைவுக் கட்டணமே இல்லாமல் ஒரு நாள் முழுக்கச் சுற்ற முடியுமா?

தாராளமாக முடியும். சாப்பாட்டை விட்டுவிட்டால், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மட்டும்தான் செலவு. ஆனால் சென்னையின் இலவச இடங்களில் பெரிய தொல்லை பூட்டுகிற நேரம். கோயிலில் நண்பகல் நடை சாத்திவிடுவார்கள். அடையாறு பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) காலையில் ஒன்றரை மணி நேரம், பிற்பகல் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். கடற்கரை மணலில் காலை பத்துக்கு மேல் கால் வைக்க முடியாது. எது எதற்குப் பக்கத்தில் என்று பார்த்துத் திட்டம் போட்டால் பாதி இடங்களில் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். கடிகாரத்தை வைத்துப் போடுங்கள்.

கிழமை சனி. ஞாயிறன்று பிரம்மஞான சபை விடுமுறை, சாந்தோமில் காலை முழுக்கத் திருப்பலி, மாலையில் பெசன்ட் நகரில் நிற்கவே இடம் கிடைக்காது.

பைக்கை வீட்டிலேயே விடுங்கள். இந்தச் சுற்று ஒரு வழிப் பாதை. வண்டியை மெரினாவில் நிறுத்தினால் அதை எடுக்கவே திரும்பி வர வேண்டும். மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை (2021 மே மாதத்திலிருந்து). முன்னும் பின்னும் பிங்க் வண்ணம் அடித்த வண்டி என்றால் யோசிக்காமல் ஏறலாம். சொகுசுப் பேருந்தில் இந்தச் சலுகை கிடையாது, அவசரத்தில் பலரும் தவறி ஏறுவது அதில்தான். இலவசம் என்றாலும் நடத்துநரிடம் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பரிசோதகர் வந்தால் அதைத்தான் கேட்பார். ஆணுக்குச் சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சில்லறையாக வைத்துக்கொண்டால் காலங்காத்தாலே நடத்துநரிடம் முறைப்பு வாங்காமல் தப்பிக்கலாம்.

முதல் நிறுத்தம் மெரினாவில் உழைப்பாளர் சிலை. சூரிய உதயம் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கில், ஜனவரியில் 6.30-ஐத் தாண்டிவிடும். அதற்கு இருபது நிமிடம் முன்பாவது சாலையை விட்டு இறங்கிவிடுங்கள், மணல் அகலம் அதிகம், அலை வரை நடக்கவே நேரம் பிடிக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் வேகமாக நடக்கலாம். தண்ணீரில் கணுக்கால் வரை போதும். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளியதுமே தரை சட்டென்று இறங்கும், திரும்பும் அலை ஆளை உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள்.

விடிந்த பிறகு அந்தச் சிலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். ஒவ்வொருவர் முதுகும் வேறு வேறு விதமாக வளைந்திருக்கும். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1959-ல் வைத்தது. மெரினாவின் காந்தி சிலையும் அவர் கைவேலைதான். இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர். வழியில் ஔவையார், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு. போப் என்று 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். சாலையின் மறுபக்கம் ஐஸ் ஹவுஸ், அதாவது விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியது. உள்ளே போகக் கட்டணம் உண்டு, வெளியே நின்று பார்த்தாலே போதும். அதற்கு நேர் எதிரே மணலில் சக்கர நாற்காலிக்காகப் போட்ட மரப்பாதை இருக்கிறது. முட்டி வலி உள்ளவர்கள் மணலில் இறங்க இதுதான் நல்ல இடம்.

கலங்கரை விளக்கத்தில் ஏறவும் கட்டணம். அதைத் தாண்டித் தெற்கே பத்து நிமிடம் நடந்தால் சாந்தோம் பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1896-ஐச் சேர்ந்தது. பெரும்பாலோர் முன்வாசல் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறைச் சிற்றாலயத்துக்கு ஆலயத்தின் பின்புறம் தனி வாசல், அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். அங்கே பேச்சு கூடாது.

அங்கிருந்து கச்சேரி சாலை வழியாக மேற்கே ஒரு கிலோமீட்டருக்குள் கபாலீசுவரர் கோயில். எட்டரை, ஒன்பதுக்குள் மாடவீதியில் டிபனை முடித்துக்கொண்டு உள்ளே போனால் வெயிலுக்கு முன் வெளியே வரலாம், கல் தரை சுடாது. பொது தரிசனம் இலவசம். உயரமான ராஜகோபுரம் கிழக்கே இருந்தாலும் சுவாமி மேற்குப் பார்த்தவர், குளமும் மேற்கேதான். அதனால் கிழக்கு வாசலில் நுழைகிறவர்கள் சந்நிதிக்குச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். புன்னை மரத்தடியில் அம்பாள் மயில் உருவில் பூசை செய்யும் சிறு சந்நிதியைத் தவறவிடாதீர்கள்.

அடுத்தது உச்சி வெயில். சென்னையில் ஊர் சுற்றக் கிளம்பிய பலரும் பதினொரு மணிக்கு ஏதாவது மாலுக்குள் புகுந்து ஆயிரம் ரூபாயைத் தொலைப்பது இந்த நேரத்தில்தான். மாலுக்குப் பதில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, மூன்றாவது கோட்டூர்புரம். அங்கிருந்து நடக்கும் தூரம்தான், வெயில் தாங்காது என்றால் ஆட்டோ. 2010-ல் திறந்த நூலகம், எட்டு மாடி, உறுப்பினராக இல்லாவிட்டாலும் உட்கார்ந்து படிக்கலாம், குளிர்சாதனம், சுத்தமான கழிவறை, வளாகத்திலேயே உணவகம். பையை நுழைவிடத்தில் கொடுத்துவிட வேண்டும். பர்ஸ், போனை முன்பே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்தால் அதற்கென உள்ள தரைத்தளப் பகுதியில் மட்டும்தான் படிக்கலாம். தமிழ் நூல்கள் இரண்டாம் மாடியில். ஒருவர் ஜன்னலோரத்தில் இடம் பிடிக்க, இன்னொருவர் அலமாரியிலிருந்து இருவருக்கும் புத்தகம் பொறுக்கிவரட்டும். பேசத்தான் கூடாது, சில தம்பதிகளுக்கு அதுவே ஓய்வு!

ஒன்றரைக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். பிரம்மஞான சபை பார்வையாளர் நேரம் பிற்பகல் 2 முதல் 4 (காலையில் 8.30 முதல் 10). நேரம் மாறக்கூடியது, முந்தின நாள் சரிபாருங்கள். மூன்றரைக்குப் போய் நின்றால் பயனில்லை. வாசலிலிருந்து உள்ளே இருக்கும் பெரிய ஆலமரத்துக்கே நல்ல நடை, திரும்பிவரவும் அதே தூரம். சபையை நிறுவிய பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882-ல் வாங்கிய தோட்டம் இது. அடையாறு ஆலமரம் என்று ஊரே சொல்லும் மரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இன்று நீங்கள் பார்ப்பது தரையில் ஊன்றித் தண்டாகிவிட்ட விழுதுகளின் கூட்டம். நடுவில் ஒரு பெரிய அடிமரத்தைத் தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய. தின்பண்டத்தை வெளியிலேயே முடித்துவிடுங்கள், தண்ணீர் பாட்டில் அவசியம், மாலை நேரம் நெருங்கினால் கொசு.

நாலரைக்குப் பெசன்ட் நகர். எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை வளைவாக நிற்பது கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர். தெற்கே அஷ்டலட்சுமி கோயிலில் மாடிப்படி ஏறிப்போனால் காற்றும் கடலும் சேர்ந்து கிடைக்கும். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடலிலிருந்து நிலா எழுவதைப் பார்க்கலாம். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும், அடுத்தடுத்த நாளில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமையும் பௌர்ணமியும் ஒட்டி வந்தால் அந்த வாரத்தை விடாதீர்கள்.

மார்கழியில் கிளம்புவதாக இருந்தால் நூலகத்துக்குப் பதில் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குப் போகலாம். பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை, மாலைக்குத்தான் உண்டு. கேன்டீன் பக்கம் போனால் மட்டும் பட்ஜெட் எகிறும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொன்றும் உண்டு. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர் நடந்து பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டைகளைச் சேகரிப்பார்கள், பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். விடிய விடிய நடை என்பதால் பகல் சுற்றலோடு சேர்க்காமல் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். டார்ச், போன் வெளிச்சம், ஃப்ளாஷ் எதுவும் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். எல்லா இரவும் ஆமை வரும் என்று சொல்ல முடியாது. மார்ச், ஏப்ரலில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளை மாலையில் கடலில் விடும்போது போனால் பார்ப்பதற்கு வாய்ப்பு அதிகம்.